கையால் நடந்த பிள்ளையும் அண்ணனின் மூன்று சில்லும்

கேள்வி: கல்முனை வாசகர், 2025 ஜனவரி 11

சக்கர நாற்காலி வீராங்கனைகளைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எல்லாரும் கதிரை இல்லை, மைதானம் இல்லை, ரோட்டு சரியில்லை என்றுதான் தொடங்குகிறார்கள். தத்யானா மக்ஃபேடனைப் பாருங்கள். ரஷ்யாவில் அநாதை இல்லத்தில் ஆறு வயது வரை வீல்செயார் என்ற சாமானே இல்லை. கையால் நடந்த பிள்ளை. பிறகு உலகத்தையே வெல்லவில்லையா? மனம் இருந்தால் போதும், மற்றதெல்லாம் சாட்டு என்கிறேன். மறுப்பவர் உண்டா?

ஜனவரி 11, இரவு

நான் மறுக்கிறேன்.

ஊர் ஆரையம்பதி. ஓட்டோ பிரண்டு முள்ளந்தண்டு போய் 17 வருடம். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

மக்ஃபேடனைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அவர் கையால் நடந்த இடத்திலேயே நின்று கண்கலங்குகிறார்கள். ஸ்பைனா பைபிடாவோடு, அதாவது முள்ளந்தண்டு சரியாக மூடாமல் பிறந்தார், முதுகில் இருந்த திறப்பை மூடும் சத்திரசிகிச்சையே பிறந்து மூன்று கிழமைக்குப் பிறகுதான் நடந்தது. இதெல்லாம் உண்மை. ஆனால் கையால் நடந்து யாரும் பதக்கம் எடுத்ததில்லை. கதிரை கிடைத்த பிறகுதான் அவருக்குப் பதக்கம் வந்தது. தத்தெடுத்த தாய் டெபோரா மக்ஃபேடன் சும்மா ஒரு ஆள் இல்லை, அமெரிக்க அரசில் மாற்றுத்திறனாளிகள் விடயத்துக்கு ஆணையாளராக இருந்தவர். எந்தக் கதவை யாரிடம் தட்ட வேண்டும் என்று தெரிந்த தாய். 15 வயதில் ஏதென்ஸ் 2004, ஒரு வெள்ளி ஒரு வெண்கலம். லண்டன் 2012ல் நாலு தங்கம். 2013ல் பொஸ்டன், லண்டன், சிக்காகோ, நியூயோர்க் என்று நாலு மரதனும் ஒரே வருடத்தில். கதிரையில் இருப்பவரோ காலால் ஓடுபவரோ, அதுவரை ஒருவரும் செய்யாதது.

மனம் இல்லாமல் இது நடக்காது, சரி. மனம் மட்டும் போதுமென்றால் அந்த அநாதை இல்லத்தில் கூட இருந்த மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் மனம் இல்லையா?

ஜனவரி 12

நேற்று எழுதியதில் பிழை. லண்டனில் தங்கம் மூன்றுதான்: 400, 800, 1500. 100 மீற்றரில் வெண்கலம். நாலு தங்கம் ரியோ 2016ல். நித்திரை வெறியில் எழுதினால் இப்படித்தான்.

அந்த லண்டன் 100 மீற்றர் இறுதியில் அவருடைய தங்கை ஹனாவும் ஓடினார். அல்பேனியாவிலிருந்து தத்தெடுத்த பிள்ளை. அக்காவும் தங்கச்சியும் ஒரே கோட்டில் நின்றார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒரே கோட்டில் நிற்பது கிணற்றடியில் மட்டும்தான், அதுவும் சண்டையோடு.

ஜனவரி 12, பின்னேரம்

“ஓடினார்” என்று எழுதியதை ஒருவர் கேலி செய்திருக்கிறார், காலில்லாதவர் எப்படி ஓடுவார் என்று. ஐயா, நாங்கள் சைக்கிள் ஓடுகிறோம், மோட்டார் சைக்கிள் ஓடுகிறோம், லான்ட்மாஸ்டரும் ஓடுகிறோம். கதிரை ஓடினால் மட்டும் என்ன குறை? இந்த விடயத்தில் எங்கள் ஊர்த் தமிழ் எங்களுக்கு முன்னமே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது.

ஜனவரி 14

பொங்கல் வேலை முடிந்து இப்போதுதான் இருக்க நேரம். கல்முனைக்காரர் மறுகா வந்து, “தாய் பெரிய இடம் என்றால் கதை முடிந்ததா?” என்று கேட்டிருக்கிறார். முடியவில்லை. மக்ஃபேடனின் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப்பட்டது பதக்கம் இல்லை, வழக்கு.

ஏதென்ஸில் பதக்கம் எடுத்துத் திரும்பி வந்த பிள்ளை, மேரிலாந்தில் தன் பாடசாலை அணியில் சேர்ந்து ஓடக் கேட்டது. சேர்த்தார்கள். ஆனால் மற்றப் பிள்ளைகளோடு ஒரே நேரத்தில் ஓட விடவில்லை. கதிரை ஆபத்து, மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்று சொல்லி, அவருக்கென்று வேறாக ஒரு ஓட்டம். வெறும் ஓடுபாதையில் தனி ஒருத்தி சுற்றி வர வேண்டும். 2005ல் வழக்குப் போட்டார்கள். நட்டஈடாக ஒரு சதமும் கேட்கவில்லை, கூட ஓட விடு என்பதுதான் வழக்கு. 2006ல் நீதிமன்றம் கூட ஓட அனுமதித்தது. 2008ல் மேரிலாந்து மாநிலமே அதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது.

இதை முதல் வாசித்தபோது நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஏனென்றால் எங்கள் வீட்டு ஷோகேசில் ஒரு தங்கப் பதக்கம் தொங்குகிறது. 100 மீற்றர், பெண்கள், சக்கர நாற்காலி. வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணிக்கு முன்னம் அம்மா அதைத்தான் காட்டுவா.

அந்த ஓட்டத்தில் நான் மட்டும்தான்.

ஜனவரி 15

நேற்று அதோடு நிறுத்தியதற்கு நாலைந்து பேர் ஏசுகிறார்கள். சொல்கிறேன்.

அந்த விளையாட்டு விழாவுக்குப் பெண்கள் மூன்று பேர் பெயர் கொடுத்திருந்தோம். ஒருவர் வாகரைப் பக்கம், விடிய வாகனம் வரவில்லை. இன்னொருவருக்குப் படுக்கைப் புண். நான் வந்தேன். புல்தரை, சுண்ணாம்புக் கோடு, ஆறு தடம், மூன்றாம் தடத்தில் நான். விசில் ஊதினார்கள். புல்லில் முன் சில்லு புதையும், கையால் எவ்வளவு தள்ளினாலும் கதிரை மாடு மாதிரி நிற்கும். எத்தனை விநாடி என்று யாரும் எடுக்கவில்லை. எதற்கு எடுக்க? முடிவுக் கோட்டில் எல்லாரும் எழும்பி நின்று கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் எனக்குக் கோபம் வந்தது. ஏன் கோபம் என்று அன்றைக்குத் தெரியவில்லை. மேரிலாந்துக் கதையை வாசித்த பிறகுதான் விளங்கியது.

அம்மாவுக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. இங்கே எழுதுவதை அவ வாசிக்க மாட்டா.

ஜனவரி 19

ஏறாவூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்கிறா, ஓட்டக் கதிரைக்கும் வைத்தியசாலையில் தரும் கதிரைக்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று.

வண்டிலுக்கும் ரேஸ் சைக்கிளுக்கும் உள்ள வித்தியாசம்தான். நாங்கள் வீட்டில் வைத்திருப்பதில் முன்னால் இரண்டு குட்டிச் சில்லு. வேகம் கூடினால் அது நடுங்கத் தொடங்கும், தையல் மெசின் மாதிரி, அப்புறம் கதிரை தன் பாட்டுக்குப் பக்கம் இழுக்கும். ஓட்டக் கதிரைக்கு மூன்றே சில்லு. முன்னால் ஒன்று, நீட்டிய கம்பின் நுனியில். பின்னால் இரண்டு, மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும். கியர், செயின் எதுவும் வைக்கக்கூடாது, கைவளையம் ஒரு சில்லுக்கு ஒன்றுதான். ஓடுபாதையின் வளைவுக்கென்று ஒரு நெம்புகோல் உண்டு. முன்னமே சரிசெய்து வைத்துவிட்டு, வளைவு தொடங்கும் இடத்தில் ஒரு தட்டுத் தட்டினால் முன் சில்லு அந்த அளவுக்குத் திரும்பி நிற்கும், முடிந்ததும் மறுபடி ஒரு தட்டு. இல்லாவிட்டால் வளைவு முழுக்க ஒரு கை திருப்புவதிலேயே போய்விடும்.

வளையத்தைப் பிடித்துத் தள்ளுவதும் இல்லை. கெட்டியான கையுறை போட்டு, குத்துச்சண்டைக்காரர் மாதிரி குத்திச் சுழற்றுவது. அதனால்தான் பெண்கள் 100 மீற்றரை 16 விநாடியளவில் முடிக்கிறார்கள். சுவிஸ் நாட்டின் மனுவேலா ஷேர் 2019ல் ஜப்பான் ஒயிட்டாவில் முழு மரதனையும் 1 மணி 35 நிமிடம் 42 விநாடியில் முடித்தார். 42.195 கிலோமீற்றர். மட்டக்களப்பு டவுனிலிருந்து கல்முனை ஏறக்குறைய அவ்வளவுதான். காத்தான்குடி, களுவாஞ்சிகுடி என்று ஆளை ஏற்றி இறக்கிப் போகும் பஸ்சில் இருந்து அந்த நேரத்தை நினைத்துப் பார்க்கட்டும் கல்முனைக்காரர்.

ஜனவரி 20

நான் நினைத்ததுபோலவே நடந்தது. கனடாவின் ஷந்தால் பெத்திகிளேரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார் அவர். 13 வயதில் களஞ்சியக் கதவு மேலே விழுந்து இடுப்புக்குக் கீழ் இயக்கம் போனது. முதல் ஓட்டத்தை வீட்டில் செய்த கதிரையில் ஓடினார். கடைசியில் 14 பராலிம்பிக் தங்கம். “வீட்டில் செய்த கதிரைதானே? மனம்தானே?” என்கிறார்.

முழுதாகச் சொல்லுங்கள் ஐயா. அந்த வீட்டுக் கதிரையில் அவர் வந்த இடம் கடைசி. மற்றவர்களுக்கு வெகு தூரம் பின்னால். தங்கம் வந்தது நல்ல கதிரையும் பயிற்சியாளரும் பல்கலைக்கழக மைதானமும் வந்த பிறகு. ஏதென்ஸில் ஐந்து, பீஜிங்கில் ஐந்து.

ஜனவரி 20, இரவு

விளக்கை அணைத்த பிறகும் இது மண்டையைக் குடைகிறது. கடைசியாக வந்தார், சரி. ஆனால் கடைசியாக வர முன்னால் ஆட்கள் வேண்டுமே. அந்த முதல் நாளிலேயே அவரோடு ஓட ஆட்கள் இருந்தார்கள். நான் கடைசியாகக்கூட வரவில்லை. கதிரை கதிரை என்று நான் பிடித்த பிடி கொஞ்சம் பிழையோ? முதல் தேவை கதிரையா, கூட ஓட ஆளா?

கல்முனைக்காரருக்கு இதில் பாதிப் புள்ளி தரலாம். பாதிதான்.

ஜனவரி 26

“பெண் என்பதால் என்ன வித்தியாசம், ஆண்களுக்கும் இதே கஷ்டம்தானே?” என்று ஒரு தம்பி. நல்ல கேள்வி, நேரே பதில் சொல்கிறேன். தூக்குவது யார்?

போட்டிக்குப் போக பஸ்சில் ஏற வேண்டும். பஸ்சுக்குப் படி. இரண்டு பொடியன்கள் வந்து, ஒருவர் கக்கத்தில், ஒருவர் முழங்காலுக்குக் கீழே பிடித்துத் தூக்குவார்கள். நல்ல பொடியன்கள், பிழை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் சுடிதார் எங்கே ஏறுகிறது, யார் பார்க்கிறார்கள் என்று அந்த அரை நிமிடம் நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். அதுக்கு மேல மலசலகூடம். கதிரை நுழையாத கதவு. அதனால் முதல்நாள் இரவு எட்டு மணியிலிருந்து தண்ணி குடிக்க மாட்டேன். சித்திரை வெயிலில், காயத்துக்குக் கீழே வியர்க்காத உடம்போடு, தண்ணி குடிக்காமல் போட்டிக்குப் போவது எவ்வளவு மடைத்தனம் என்று தெரியும். தெரிந்துதான் செய்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் பெயர் கொடுத்துவிட்டு வராமல் போகும் பெண்களில் பாதிப் பேருக்குக் காரணம் பயிற்சி இல்லாததல்ல, இதுதான் என்று நினைக்கிறேன். காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா, தூக்குவதற்குப் பெண் ஆட்கள் வந்தால் வருகிறேன் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டா. நியாயம்தானே?

1960ல் ரோமில் பராலிம்பிக் நடந்தபோதும் இதே கூத்துத்தான். தங்குமிடத்தில் படிகள், இத்தாலிய இராணுவத்தினர் ஆட்களைத் தூக்கி ஏற்றினார்கள், இறக்கினார்கள். பிரித்தானியாவுக்கு அங்கே முதல் தங்கம் எடுத்தவர் ஒரு பெண், மார்கரெட் மோகன், அம்பெய்தல். தான் வென்றது தெரியாமல் அவர் பஸ்சில் ஏறி இருந்துவிட்டார், பதக்கத்துக்காக ஆளை மறுபடி இறக்க வேண்டியதாயிற்று. எனக்கு அதில் தங்கத்தை விடக் கவலை, ஏற்றின ஆட்களே திரும்ப இறக்கினார்களா என்பதுதான்.

40 வருடம் கழிந்து இன்னொன்று. பிரித்தானியாவின் சக்கர நாற்காலி வீராங்கனை டானி கிரே தொம்சன் சிட்னி 2000ல் நாலு தங்கம் எடுத்து வந்தார். அந்த வருடம் பிபிசியின் விளையாட்டு ஆளுமை விருதில் மூன்றாம் இடம். மேடைக்கு ஏறச் சரிவுப் பாதை வைக்கவில்லை, கீழே இருந்தபடியே வாங்கினார். அதுவரை 9 பராலிம்பிக் தங்கம் எடுத்தவருக்கே மேடை எட்டவில்லை.

எங்களிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 1996ம் ஆண்டு 28ம் இலக்கச் சட்டம் இருக்கிறது, 2006ல் கட்டடங்களுக்கு ஒழுங்குவிதியும் வந்தது. நான் பெயர் கொடுக்கப்போன அலுவலகம் முதலாம் மாடியில் இருந்தது. கீழே இருந்து அண்ணனை அனுப்பிக் கையொப்பம் வாங்கினேன்.

ஜனவரி 27

சித்திரை என்று எழுதிவிட்டேன், அந்தப் போட்டி ஆவணியில். வெயில் ஒன்றுதான்.

பெப்ரவரி 2

நான் குண்டெறிதல் போட்டிக்குப் போன கதையைக் கேட்கிறார்கள். ஓட்டத்துக்கு அடுத்த வருடம் அது. அதில் நாங்கள் நாலு பேர் இருந்தோம், நாலு பேர்!

இருந்து எறிபவர்களுக்கு முறைப்படி ஒரு இரும்புச் சட்டகம் வேண்டும். இருக்கை உயரம் மெத்தையோடு சேர்த்து 75 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. சட்டகத்தை நிலத்தோடு இறுக்கிக் கட்டிவிடுவார்கள், எறியும்போது அசையாமல். எங்களுக்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரை. நாலு காலுக்கும் நாலு மண்மூட்டை, பின்னால் ஒரு பொடியன் பிடித்துக்கொண்டு நின்றான். 3 கிலோ குண்டு. என் முதல் வீச்சில் குண்டு முன்னால் போனது, கதிரை பின்னால் போனது, பொடியன் குந்திவிட்டான்.

முதலாவதாக வந்தது செங்கலடிப் பக்கத்து அக்கா ஒருவர், இளம்பிள்ளை வாதம். அவவுக்கு இடுப்பும் வயிறும் நல்ல பலம். எனக்கு வயிற்றுத் தசை பாதிக்கு மேல் வேலை செய்யாது, தோள் மட்டும்தான். சர்வதேசப் போட்டியில் எங்கள் இருவரையும் ஒரே வகுப்பில் போடவே மாட்டார்கள். இருந்து எறிவதற்கு மட்டும் எஃப் 51லிருந்து 57 வரை வகுப்பு இருக்கிறது, எந்தத் தசை வரை வேலை செய்கிறது என்று பார்த்துப் பிரிப்பது. தீபா மாலிக் ரியோவில் எஃப் 53ல் 4.61 மீற்றர் போட்டு வெள்ளி எடுத்தார், பராலிம்பிக் பதக்கம் எடுத்த முதல் இந்தியப் பெண், அப்போது வயது 45. 4.61 என்றதும் இவ்வளவுதானா என்று சிரிப்பவர்கள், வயிற்றுப் பலம் இல்லாமல் நிமிர்ந்து இருப்பதே என்ன பாடு என்று ஒருநாள் பார்க்கட்டும். அதோடு, குண்டு நிலத்தில் விழுந்து குறி வைக்கும் வரை இருக்கையை விட்டு எழும்பினால் பிழை. அந்த அக்கா ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு சாண் எழும்பினா. அதைப் பார்க்க அங்கே யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு முழுக்க அவவோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் விதியெல்லாம் எடுத்துவைத்து அண்ணனிடம் ஒரு மணித்தியாலம் வழக்காடினேன். அவன் கேட்டான், “உனக்கு என்ன, தனியாய் ஓடின மாதிரித் தனியாய் எறிய வேணுமா?”

நான் மூன்றாவது. அந்த வெண்கலத்தை அம்மா யாருக்கும் காட்டுவதில்லை. நான் காட்டுவேன்.

பெப்ரவரி 3

அந்த அக்கா இதை வாசித்துவிட்டு அழைத்தா. “எழும்பினது உண்மைதான் புள்ள, எனக்கு அந்தச் சட்டம் அண்டைக்குத் தெரியாது. ஆனா எழும்பாமலும் உன்னை வெல்லுவன்.” பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.

பெப்ரவரி 9

இரவு பொஸ்டன் மரதன் பழைய கதைகளில் அலைந்தேன். அமெரிக்காவின் சக்கர நாற்காலி வீராங்கனை ஜீன் டிறிஸ்கோல், 1990லிருந்து ஏழு வருடம் தொடர்ந்து அங்கே முதலிடம். 1997ல் ட்ராம் தண்டவாளத்தில் சில்லு மாட்டி விழுந்தார், அவுஸ்திரேலியாவின் லுயிஸ் சோவாஜ் வென்றார். அடுத்த வருடம் வென்றுவிட்டோம் என்று டிறிஸ்கோல் கை உயர்த்தும் நேரம் சோவாஜ் பக்கத்தால் வந்து கோட்டைத் தொட்டார். இருவருக்கும் ஒரே நேரம், 1:41:19. 2000ல் டிறிஸ்கோல் எட்டாவது முறை வென்றார்.

தண்டவாளத்தில் சில்லு மாட்டுவதென்றால் எனக்கும் தெரியும். ஸ்டேசன் பக்கத்துக் கடவையில் ஒருநாள் என் முன் சில்லு மாட்டி, தேங்காய் ஏற்றி வந்த மனிசன் இறங்கி வந்து நெம்பி எடுத்தார். ரயில் வர இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. ஆனாலும் அவர் ஊருக்கெல்லாம் உயிரைக் காப்பாற்றியதாகத்தான் சொல்லித் திரிகிறார்.

பெப்ரவரி 15

சரி, இவ்வளவு நாளும் சொல்லாமல் வைத்திருந்தது. அண்ணன் எனக்கு மூன்று சில்லுக் கதிரை ஒன்று செய்கிறான். சைக்கிள் கடை வைத்திருப்பவன், ஒட்டுவேலையும் தெரியும். பெத்திகிளேர் மாதிரிக் கடைசியாக வரவாவது ஒரு கதிரை வேண்டுமே.

விதிப்படி பின் சில்லு காற்றடித்த ரயரோடு 70 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது, முன் சில்லு 50. கடையில் கிடந்த 28 அங்குலச் சில்லை அளந்தான், 71 காட்டியது. 26 அங்குலம் 66, அது சரி. முன்னுக்குப் பிள்ளைகளின் 20 அங்குலச் சைக்கிள் சில்லு. தடித்த ரயர் போட்டால் 50ஐத் தாண்டுகிறது, 1.75 அங்குல ரயர் போட்டால் கோட்டில் நிற்கிறது. எந்தப் போட்டிக்கு இந்தக் கணக்கு என்று கேட்டேன். “விதி எண்டா விதி, குண்டுக்கு நீதானே வழக்காடினாய்” என்கிறான்.

கையுறை பாட்டா செருப்பை வெட்டி, சைக்கிள் ரியூப்பால் சுற்றி. பாரம் வீட்டுத் தராசில் 17 கிலோ. உண்மையான ஓட்டக் கதிரை இதில் பாதியளவுதான் இருக்கும்.

பெப்ரவரி 16

விடிய ஐந்தரைக்குக் கல்லடிப் புதுப் பாலம். ஏற்றத்தில் அண்ணன் பின்னால் ஓடி வந்தான், இறக்கத்தில் அவனால் ஓடிப் பிடிக்க முடியவில்லை. பிரேக் பற்றி இருவருமே யோசிக்கவில்லை. கடைசியில் கையுறையை ரயரில் அழுத்தி நிறுத்தினேன், செருப்பு எரிந்த மணம்.

பௌர்ணமிக்குப் பாலத்தடியில் மீன் பாடுமாம். மீன் பாடுதோ இல்லையோ, எங்கள் பெயாரிங் நல்லாய்ப் பாடியது.

பெப்ரவரி 17

கல்முனைக்காரர் கேட்கிறார்: “ஆக மனம் இருந்ததால்தானே அண்ணன் கதிரை செய்தார்?” அது அண்ணனின் மனம் ஐயா, உங்கள் கணக்கில் வராது. உங்களிடம் கார் இருக்கிறதாமே. அடுத்த ஞாயிறு செங்கலடி அக்காவைக் கல்லடிக்கு ஏற்றி வருவீர்களா? தூக்க அவவின் மகள் இருக்கிறாள், நீங்கள் கார் ஓடினால் போதும்.

பெப்ரவரி 23

வந்தார். சொன்ன நேரத்துக்கு முக்கால் மணித்தியாலம் பிந்தி, ஆனால் வந்தார். அக்காவுக்கும் எனக்கும் ஒரு கதிரைதான் என்பதால் மாறி மாறி ஓடி, கைபேசியில் நேரம் எடுத்தோம். பாலத்தின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரை. எனக்கு முதல், அவவுக்குப் பிறகு. எவ்வளவு வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன், நான் தோற்றேன்.

இரண்டாவது சுற்றுக்கு முன் சில்லு காற்றுப் போனது. காத்தான்குடியில் 20 அங்குல ரியூப் ஒன்று வாங்கி வந்தார் கல்முனைக்காரர், வால்வு நீளம் ஒத்துவரவில்லை. நாளைக்குக் கடை திறந்ததும் மாற்ற வேண்டும்.